வீட்டுக் காற்றாலைக்கும் ஒரு விதி எழுதுங்கள்

தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தாருக்கு,

வணக்கம். நீலகிரியில் நடுவட்டத்துக்குப் பக்கம், மேற்குச் சரிவில் எங்கள் வீடு. ஆனி, ஆடி வந்துவிட்டால் பகலெல்லாம் மேகமும் மூடுபனியும்தான், கூரையில் போட்ட சோலார் தகடு பேருக்குத்தான் ஏதோ தரும்; ஆனால் அதே இரண்டு மாதமும் கூடலூர்ப் பக்கமிருந்து ஏறிவரும் காற்று ராப்பகலாக ஓயாது. அதற்காகவே தேயிலைத் தோட்டத்து மேட்டில் 1 கிலோவாட் காற்றாலை வைத்தேன். ராத்திரி ஒன்பது மணிக்கே பேட்டரி நிரம்பிவிடுகிறது. அப்புறம் வரும் கரண்ட் எல்லாம் ஒரு ஹீட்டர் சுருளுக்குப் போய் வெறும் சூடாகக் கரைகிறது. அந்தச் சுருள் சிவந்து கிடப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது, பத்தடியில் லைன் கம்பம் நிற்கிறது!

மிஞ்சும் கரண்டை அந்த லைனுக்குக் கொடுக்க சோலாருக்கு வழி தெளிவாக இருக்கிறது. 2024 பிப்ரவரியில் வந்த மத்திய அரசின் சூர்ய கர் என்ற கூரை சோலார் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியமே உண்டு. மானியம் கூட வேண்டாம், வீட்டுக் காற்றாலைக்கும் ஒரு விண்ணப்பம், வரும் கரண்டையும் போகும் கரண்டையும் கணக்கிடும் ஒரு இருவழி மீட்டர், சோலாரோடு சேர்த்தே ஒரே இணைப்பு, இவ்வளவுதான் கேட்கிறோம்.

ஆனால் சோலார் விதியை அப்படியே நகல் எடுத்துவிடாதீர்கள். மழையில் கற்பூர மரம் கம்பியில் விழுந்து லைன் போனதும் லைன்மேன் கம்பம் ஏறுவார். அந்த நேரம் என் வீட்டிலிருந்து கரண்ட் லைனுக்குப் போனால் அவர் உயிருக்கே ஆபத்து. லைன் செத்ததும் இன்வெர்ட்டர் தானாகத் துண்டித்துக்கொள்ள வேண்டும் என்பது சோலாருக்கும் உள்ளதுதான். காற்றாலையில் சிக்கல் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. தகடு சும்மா கிடக்கும், காற்றாலை கிடக்காது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்கு, கரண்டை இழுக்கச் சுமை இல்லையென்றால் இறக்கை கட்டுமீறிச் சுற்றி உடைந்து பறக்கும். ஆகவே பிரேக்கோ, நான் திட்டிய அதே ஹீட்டர் சுருளோ கட்டாயம் என்று எழுதுங்கள். வீட்டுக்கு வெளியே லைன்மேன் கைக்கு எட்டும்படி பூட்டுப் போடும் சுவிட்ச் ஒன்றும் வேண்டும். இதில் எங்களுக்குச் சலுகையே வேண்டாம்.

தரத்துக்கு, பள்ளிக்கரணையில் தேசிய காற்றாற்றல் நிறுவனம் இருக்கிறது, கயத்தாறில் அதன் சோதனை நிலையமும் இருக்கிறது. அங்கே தேறிய மாடல் என்றால் மறுபடி ஆய்வு கேட்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். அப்புறம் தூண் உயரம். மலையில் கட்டிட உயரத்துக்கு வரம்பு உண்டு, காற்றாலைத் தூணும் அதில் சேருமா என்பதை உள்ளாட்சியோடு பேசித் தெளிவாக்குங்கள். மரத்துக்கு மேலே தலை நீட்டாத காற்றாலையால் பிரயோஜனம் இல்லை.

ஊரெல்லாம் காற்றாலை முளைத்துவிடும் என்ற பயம் வேண்டாம். பள்ளத்து வீட்டுக்கும் மரக்கூட்டத்து நடுவிலிருக்கும் வீட்டுக்கும் இது உதவாது. மேட்டு வீடுகளுக்கு மட்டும்தான்.

விதியை எழுதும்முன் கருத்துக் கேட்புக் கூட்டம் ஒன்றை ஊட்டியில் வையுங்கள், அதுவும் ஆடி மாதத்திலேயே. எங்கள் இரண்டு மாதத்து மீட்டர் கணக்கோடு வருகிறோம்.

இப்படிக்கு,
நடுவட்டத்து மின் நுகர்வோர் ஒருவர்