பஞ்சுக்குள் தின் கிளையன்ட்: ஸ்பின்னிங் மில் நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மில் நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங், நூல் நூற்கும் ரிங் பிரேம் மெஷின்கள் பக்கம் சாதாரண கம்ப்யூட்டரை வைத்தால் என்ன ஆகும் என்று உங்கள் மெயின்டனன்ஸ் ஆட்களுக்குத் தெரியும். விசிறி காற்றோடு பஞ்சையும் இழுக்கும். ஹீட் சிங்க் இடுக்கில் அது மெத்தைபோல் படிய, சூடு வெளியேறாமல் கம்ப்யூட்டர் முதலில் மந்தமாகும், பிறகு தானாக அணையும். பவர் சப்ளைக்குள் சேரும் பஞ்சு தீப்பிடிக்கவும் கூடும். அதனால்தான் தின் கிளையன்ட் கேட்கிறோம். விசிறியும் ஹார்ட் டிஸ்க்கும் இல்லாத சிறு பெட்டி அது; மென்பொருள் ஓடுவது ஏசி அறையிலுள்ள சர்வரில்.

ஆனால் விசிறி இல்லை என்பதால் தூசி புகாது என்று எண்ணிவிட வேண்டாம். ஆபீஸ் மாடல்களில் காற்றுத் துளைகள் உண்டு. பலவற்றின் வெப்ப வரம்பும் 40 டிகிரிதான். தூசிக்குப் பயந்து அதை, தூசி புகாத ஐபி65 தர இரும்புப் பெட்டிக்குள் பூட்டினால் சூடு உள்ளேயே தங்கும். கணக்கைப் பாருங்கள். 400 × 300 × 200 மி.மீ. அளவில், சுவரில் மாட்டிய பெயின்ட் அடித்த பெட்டி, உள்ளே 1 டிகிரி ஏறினால் சுமார் 2.2 வாட் சூட்டைத்தான் வெளியே விடும். 15 வாட் தின் கிளையன்ட்டுக்கு 7 டிகிரி ஏறும். ரிங் பிரேம் ஹாலில் 35 என்றால் பெட்டிக்குள் 42. கூடவே 25 வாட் மானிட்டரையும் வைத்தால் 53. ஆகவே 50 டிகிரி தாங்கும் மாடலாக வாங்குங்கள், மானிட்டரைப் பெட்டிக்கு வெளியே மாட்டுங்கள். அடாப்டரும் உள்ளே வேண்டாம். அதன் செருகுமுனை மெஷின் அதிர்வில் தளர்ந்துவிடும். 9 முதல் 36 வோல்ட் டிசி ஏற்கும், ஸ்க்ரூ டெர்மினல் உள்ள மாடல் கிடைக்கிறது. மெஷினின் மின் பேனலிலிருந்தே 24 வோல்ட் கொடுக்கலாம்.

ஏர் அடித்துச் சுத்தம் செய்வதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். வெளியே கிடக்கும் பஞ்சை அது யுஎஸ்பி, நெட்வொர்க் போர்ட்டுகளுக்குள் திணிக்கிறது. கம்ப்ரஸர் லைனில் ஈரம் இருந்தால் துருவும் சேரும். வேக்குவமும் ஈரமில்லாத துணியும் போதும். பயன்படாத போர்ட்டுகளுக்கு மூடி போடுங்கள். கீபோர்டு, சீல் செய்த சிலிக்கோன் ரப்பர் வகையாக இருக்கட்டும்.

நெட்வொர்க் கேபிளை, மோட்டார் வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டர் டிரைவின் மோட்டார் கேபிளோடு ஒரே டிரேயில் இழுக்காதீர்கள். திரை அடிக்கடி உறைவதற்கு இதுவே காரணமாகலாம். செம்புக் கேபிள் 100 மீட்டருக்கு மேல் போகாது. நீண்ட ஷெட்டுக்கு ஆப்டிகல் ஃபைபர் கேபிள்தான் சரி. மின் இரைச்சல் அதைத் தொடாது. நூல் கோன் பேக்கிங்கில் எடை மெஷினை தின் கிளையன்ட்டில் செருகாமல், அதன் சீரியல் கேபிளை நெட்வொர்க்கில் சேர்க்கும் சீரியல்-ஈதர்நெட் கன்வெர்ட்டர் வழியாக நேரே சர்வருக்குக் கொண்டு போங்கள். இல்லையென்றால் தின் கிளையன்ட்டை மாற்றும்போதெல்லாம் காம் போர்ட் (சீரியல் இணைப்பு) செட்டிங்கோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

பல நிர்வாகங்கள் சிக்கனம் பிடிப்பது சர்வரில். அது நின்றால் எல்லாத் திரைகளும் ஒரே நேரத்தில் இருண்டுவிடும். எனவே இரண்டு சர்வர் வேண்டும். யுபிஎஸ் சர்வருக்கு மட்டுமல்ல, ஷெட்டிலுள்ள ஒவ்வொரு நெட்வொர்க் சுவிட்சுக்கும் வேண்டும். விண்டோஸ் சர்வர் என்றால், தின் கிளையன்ட்டுகள் அதில் இணையத் தேவையான ரிமோட் டெஸ்க்டாப் லைசென்ஸ் தனிச் செலவு. கொட்டேஷனில் அது இருக்கிறதா என்று பாருங்கள். மெஷினை நிறுத்தும் எமர்ஜென்சி பட்டனை மட்டும் எக்காரணம் கொண்டும் இந்தத் திரைக்குள் கொண்டு வராதீர்கள்.

அடுத்த பர்ச்சேஸ் ஆர்டரில் வெப்ப வரம்பு, டிசி இன்புட், பெட்டியின் அளவு மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். கூடவே, செட்டிங் ஏற்றிய ஸ்பேர் தின் கிளையன்ட் ஒன்று ஸ்டோரில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
மில் கம்ப்யூட்டர், எலக்ட்ரிக்கல் பராமரிப்புப் பணியாளர்கள்