திரையில் தீராத நோயாளிகள்: காணொலி மருத்துவ ஆலோசனைச் சேவைகளை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கும் மருத்துவ இயக்குநர்களுக்கும்,

வணக்கம். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை, ஆனால் நாளை மறுநாள் வரை பொறுத்திருக்கவும் முடியாது என்ற நிலையில் இருப்பவர்களுக்காகவே நீங்கள் காணொலி ஆலோசனையை நடத்துகிறீர்கள். இரவில் ஏறும் காய்ச்சல், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், சிவந்த கண், திடீரெனப் பரவும் தடிப்பு, சுளுக்கிய கணுக்கால் ஆகியவையே பெரும்பாலும் உங்களை நாடி வருகின்றன. இத்தகைய அழைப்புகளில் மருத்துவர் வருமுன் நோயாளியிடம் பேசி விவரம் கேட்டறியும் செவிலியர் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். சேவையே வேண்டாம் என்பது என் வாதமன்று. திரையில் தீராத நோயாளியை அடுத்த இடத்தில் முறையாக ஒப்படைப்பதும் தம் பொறுப்பே என்று உங்கள் சேவைகள் இன்னும் கருதவில்லை என்பதே என் முறையீடு.

திரையில் தீரக்கூடியவை பல உண்டு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கர்ப்பமாக இல்லாத, காய்ச்சலோ விலாவலியோ வாந்தியோ இல்லாத, மற்றபடி நலமாக இருக்கும் ஒரு பெண்ணுக்குச் சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்பதைக் கேள்விகளைக் கொண்டே பெரும்பாலும் கணித்துவிடலாம். அதே எரிச்சலை ஓர் ஆணோ குழந்தையோ கர்ப்பிணியோ சொன்னால் சிறுநீர்ப் பரிசோதனை இன்றி முடிவெடுக்கக் கூடாது. சுளுக்குக்கு, 1990களின் தொடக்கத்தில் கனடாவின் ஒட்டாவாவில் வகுக்கப்பட்ட விதிகள் இருக்கின்றன: கணுக்காலின் இருபுறமும் புடைத்திருக்கும் எலும்புகளின் நுனியிலோ பின் விளிம்பிலோ தொட்டால் வலித்தாலும், நான்கு அடி எடுத்துவைக்க முடியாவிட்டாலும் எக்ஸ்ரே தேவை. நடந்து காட்டச் சொல்லிப் பார்ப்பதற்குத் திரை போதும். எங்கே அழுத்த வேண்டும் என்பதை நோயாளிக்குச் சொல்லிக்கொடுத்து அழுத்தச் செய்வது மட்டும் அத்தனை எளிதன்று, ஏனெனில் அந்த விதிகள் பயிற்சி பெற்ற விரல்களை நம்பி எழுதப்பட்டவை.

செவிப்பறையைச் செல்பேசிக் கேமராவால் காண முடியாது. வயிற்றை அழுத்திப் பார்த்து இறுக்கத்தை உணர முடியாது. நுரையீரலின் ஒலி வீட்டில் இருப்பவரின் காதுக்கு எட்டாது. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் இரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவை ஓர் எண்ணாகத் தருகிறது என்றாலும், கருநிறத் தோல் கொண்டவர்களிடம் அது உண்மையான அளவைவிடக் கூடுதலாகக் காட்டிவிடும் வாய்ப்பு அதிகம் என்பதை 2020 டிசம்பரில் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது. குளிர்ந்த விரலும் நகப்பூச்சும்கூட அதைக் குழப்பும்.

எண்ணித் தெரிந்துகொள்ளக்கூடியதையும் நாம் எண்ணுவதில்லை என்பதுதான் எனக்கு இன்னும் வருத்தம். இருமலோடு வரும் குழந்தைக்கு நிமோனியா இருக்குமோ என்று கணிக்க உலகச் சுகாதார நிறுவனம் தந்திருக்கும் வழி மிக எளியது: 2 மாதம் முதல் 12 மாதம் வரை நிமிடத்துக்கு 50 மூச்சோ அதற்கு மேலோ, 1 வயது முதல் 5 வயது வரை 40 மூச்சோ அதற்கு மேலோ இருந்தால் அது வேகமான மூச்சு. குழந்தையின் சட்டையை உயர்த்தி, அழுகை ஓய்ந்தபின், மார்பும் வயிறும் தெரியும்படி செல்பேசியை அசையாமல் பிடிக்கச் சொல்லி, ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். (உங்கள் விளம்பரங்களில் வரும் குழந்தைகள் அசையாமல் அமர்ந்திருக்கின்றன, எங்கள் திரையில் வருபவை அப்படி இருப்பதில்லை.) அழுகையை அமர்த்துவதோடு சேர்த்தால் இதற்குச் சில நிமிடங்களாவது தேவை. ஓர் அழைப்பு இத்தனை நிமிடத்துக்குள் முடிய வேண்டும் என்று மேலாளர் இலக்கு வைத்துவிட்டால், முதலில் கைவிடப்படுவது இந்த எண்ணிக்கைதான்.

பார்க்க முடியாததையும் எண்ண நேரமில்லாததையும் எதைக் கொண்டு ஈடுசெய்கிறோம் என்பதற்கு 2019இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று விடை சொல்கிறது. மூச்சுத்தொற்றுக்காகப் பார்க்கப்பட்ட குழந்தைகளில், வணிகத் தொலைமருத்துவச் சேவைகளை நாடியவர்களுள் 52 விழுக்காட்டினருக்கு ஆன்டிபயாடிக் எழுதப்பட்டது. அவசரத் தேவைக்கான நேரடி மருத்துவ நிலையங்களில் அது 42 விழுக்காடு, வழக்கமான மருத்துவரிடம் 31 விழுக்காடு. செவிப்பறையைப் பார்க்காமல், தொண்டையில் சளி மாதிரி எடுக்காமல், எதற்கும் இருக்கட்டும் என்று எழுதப்படும் மருந்துச் சீட்டுகள் இதில் அடங்கும் என்றே நான் கருதுகிறேன். போதாக்குறைக்கு, அழைப்பு முடிந்ததும் மருத்துவருக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்கிறீர்கள். மருந்துச் சீட்டு கிடைத்தவர் மகிழ்ச்சியோடு விடைபெறுகிறார். "திரையில் சொல்ல முடியாது, நேரில் காட்டுங்கள்" என்று உண்மையைக் கேட்டவர் பணம் வீணாயிற்று என்று எண்ணுகிறார். அந்த மனக்குறை நியாயமானது. ஆனால் அது மருத்துவரின் மதிப்பெண்ணில் விழுவது நியாயமன்று, ஏனெனில் அதற்குக் காரணம் உங்கள் ஏற்பாடு.

இந்தத் துறையின் தொடக்க காலத்தில் ஏற்பாடு வேறாக இருந்தது. 1968இல் பாஸ்டன் நகரின் லோகன் விமான நிலையத்திலிருந்த மருத்துவ நிலையத்தை மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையோடு இருவழித் தொலைக்காட்சியால் இணைத்தபோது, மருத்துவர் தொலைவில் இருந்தாலும் நோயாளியின் அருகில் செவிலியர் இருந்தார். தொட்டுப் பார்க்கவும், ஸ்டெதாஸ்கோப்பை உரிய இடத்தில் வைக்கவும், நிலைமை மாறினால் உடனே செயல்படவும் அங்கே ஒருவர் இருந்தார். இன்று அந்த இடத்தில், ஒரு கையில் குழந்தையும் மறு கையில் செல்பேசியுமாகத் தாய் நிற்கிறார். தொலைமருத்துவம் நேரடிச் சேவைக்குத் துணையாக இருக்க வேண்டுமே தவிர அதற்கு மாற்றாகக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இன் வழிகாட்டுதலில் நிபந்தனையிட்டிருப்பதை நீங்கள் அறிவீர்கள். துணை என்றால் அடுத்த கை எங்கே இருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே, நேரில் காட்ட வேண்டும் என்று மருத்துவர் முடிவு செய்யும் அந்தக் கணத்தை அழைப்பின் முடிவாகக் கொள்ளாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எந்த மருத்துவ நிலையம், எத்தனை மணிக்கு என்பது அழைப்பு துண்டிக்கப்படும் முன்பே உறுதியாகட்டும். கேட்ட விவரங்களும் அனுப்பிய படங்களும் நோயாளிக்கு முன்பாக அங்கே போய்ச் சேரட்டும்; காய்ச்சலில் தவிக்கும் ஒருவர் அதே கதையை மூன்றாம் முறை சொல்ல வேண்டியதில்லை. திரையில் தீராத ஆலோசனைக்குச் செலுத்திய கட்டணத்தை நேரடிக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளுங்கள். இரண்டு முறை பணம் கட்ட அஞ்சித்தான் பலர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள்.

வீட்டிலேயே இருக்கலாம் என்று சொல்லப்படுபவர்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. "மோசமானால் வாருங்கள்" என்பது அறிவுரையாகாது. எந்த அறிகுறி, எத்தனை மணி நேரத்துக்குள், யாரை அழைக்க வேண்டும் என்று எழுத்தில் தர வேண்டும். ஐயமுள்ளவர்களை மறுநாள் நாமே அழைத்துக் கேட்க வேண்டும்.

சில அழைப்புகள் வரிசையில் நிற்கவே கூடாதவை. வாய் ஒருபக்கம் கோணுதல், பேச்சுக் குழறல், நெஞ்சில் அழுத்தும் வலி, மூச்சுத் திணறல் ஆகியவை இருந்தால் ஆம்புலன்ஸை அழையுங்கள் என்ற அறிவிப்பு கட்டணப் பக்கத்துக்கு முன்பாக வர வேண்டும், பின்பு அன்று. 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல் என்றால் எந்தக் கேள்வியும் அடுக்காமல் உடனடியாக நேரில் பார்க்க அனுப்புங்கள். இணைப்பு பாதியில் அறுந்தால் என்ன செய்வது என்பதற்காக, நோயாளி இருக்கும் முகவரியையும் மாற்றுத் தொலைபேசி எண்ணையும் முதல் கேள்வியாகவே கேட்க எங்களுக்கு அனுமதி தாருங்கள்.

திரையிலேயே முடிந்த அழைப்புகளின் எண்ணிக்கையை நீங்கள் பெருமையோடு வெளியிடுகிறீர்கள். அதோடு, நேரில் செல்லுமாறு சொல்லப்பட்டவர்கள் எத்தனை பேர், அவர்களுள் உண்மையிலேயே ஒரு மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்பதையும் சேர்த்து வெளியிடுமாறு வேண்டுகிறேன். இரண்டாவது எண்ணைச் சேகரிக்கவே இல்லை என்றால், அடுத்த மாதத்திலிருந்தாவது அதைத் தொடங்குங்கள். அதற்கான அழைப்புகளைச் செய்ய என் போன்ற செவிலியர்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
காணொலி ஆலோசனைப் பிரிவில் பணிபுரியும் செவிலியர் ஒருவர்