வாயால மட்டும் எண்டாலும் சொல்லு மகன்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுறது,

வொய்ஸ் போட்டா இடையில அழுகை வந்திடும், பேந்து நீ வேலையில நிண்டு அதைக் கேட்டுட்டு நாள் முழுக்க யோசிச்சுக்கொண்டு இருப்பாய், அதாலதான் எழுதுறன். தங்கச்சியின்ர போன்ல இருந்து எழுதுறன், பிழை கிழை இருந்தாப் பாக்காத. சாப்பாடு ஒழுங்கா நடக்குதோ? உங்க குளிர் தொடங்கீட்டுது எண்டு சொன்னனீ, காதை மூடிக்கொண்டு வெளிக்கிடு.

போன கிழமை நீ கதைச்ச கதை எனக்கு நெஞ்சுக்குள்ளயே நிக்குது. கோயிலுக்குப் போறதை விட்டிட்டன் எண்டு சொன்னனீ, அது கூட எனக்குப் பெரிசாப் படேல்ல, ஆனா மனசில ஒண்டும் இல்லாம கிளிப்பிள்ளை மாதிரி வாயால மட்டும் செபம் சொல்லுறதில என்னம்மா இருக்கு, அது கடவுளுக்குச் சொல்லுற பொய்தானே எண்டு கேட்டாய் பார், அதுக்கு எனக்கு உடன பதில் வரேல்ல. கோவத்தில பேசாம இருந்தன் எண்டு நினைச்சிடாத ராசா. அகதிக் கேஸ் ரிஜெக்ட் ஆகி, கையில விசா கார்ட் இல்லாம, அப்பா விழுந்த நேரம் ஓடி வரவும் ஏலாம, ரெஸ்ரோறண்ட் குசினிக்குள்ள நிண்டுகொண்டு போன்ல அவற்ற முகத்தைப் பாத்த பிள்ளை நீ. உனக்குக் கடவுளோட கோவம் வராட்டித்தான் நான் பயப்பிடோணும். ஆனா நீ கேட்ட கேள்விக்கு இஞ்ச எங்கட விறாந்தையில ஒரு பதில் நடந்தது, அதை நான் உனக்குப் போன்ல அரைகுறையாத்தான் சொன்னனான், இப்ப முழுசாச் சொல்லுறன்.

அப்பாக்கு வந்தது என்னெண்டு உனக்குத் தெரியும், இரத்தக்கட்டி போய் மூளையின்ர இடப்பக்கத்தில அடைச்சது, வலக்கையும் வலக்காலும் விழுந்து பேச்சும் போச்சு. விடிய எழும்பேக்கயே வாய் கோணி இருந்ததால எத்தினை மணிக்குத் தொடங்கினது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது, நாலரை மணித்தியாலத்துக்குள்ள எண்டாத்தான் கட்டி கரைக்கிற ஊசி போடலாமாம், அதால அது போடேல்ல. 2022இல மண்ணெண்ணெய் இல்லாம தொழில் படுத்த நேரம் தொடக்கம் பிரஷர் குளிசையை ஒருநாள் போட்டா ரெண்டு நாள் போடாம இருந்த மனிசன், ஆர் சொல்லியும் கேக்கேல்ல. உனக்கும் முப்பது தாண்டீட்டுது, இதை வாசிச்ச கையோட போய் ஒருக்கா பிரஷரைப் பார், சின்ன வயசு எண்டு விடாத.

கையும் காலும் கூடப் பரவாயில்லை மகன், அந்தப் பேச்சுத்தான். அஃபேசியா எண்டு அதுக்குப் பேராம். நாங்கள் சொல்லுறது எல்லாம் அவருக்கு விளங்குது, புத்தி தெளிவா இருக்கு, ஆனா சொல்ல நினைக்கிற சொல் வாய்க்கு வராது, வேற ஒண்டு வரும். தண்ணி கேக்க வெளிக்கிட்டா "வலை" எண்டு வரும், அது பிழை எண்டு அவருக்கே விளங்கும், திரும்பச் சொல்லப் பாப்பார், திரும்பவும் வலை, பேந்து இடக்கையால கதிரைக் கையில அடிப்பார். பெருநாளுக்குக் கூத்துப் போட்டா விடியும்வரைக்கும் பாடின குரல் அது, வள்ளத்தில நிண்டு கூப்பிட்டாக் கரையில நிக்கிற எனக்குக் கேக்கும். அந்த மனிசன் ஒரு மிடறு தண்ணி கேக்க ஏலாம இருந்ததைப் பாத்துக்கொண்டு இருக்கிறது லேசில்லை.

வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்த பிறகு ஏழு மணிச் செபமாலையை நானும் தங்கச்சியும் விடேல்ல. நீ இதை வடிவாக் கேள். அந்த மாதங்களில எனக்குள்ளயும் ஒண்டும் இருக்கேல்ல. மனம் முழுக்க குளிசைக் கணக்கும், போட்டுக்கு எடுத்த கடனும், நாளைக்கு அவரைத் தூக்கிக் குளிப்பாட்ட ஆர் உதவிக்கு வருவினம் எண்டதும்தான். வாய் தன்ர பாட்டில சொல்லும், விரல் தன்ர பாட்டில மணியை உருட்டும், ஆறாவதோ ஏழாவதோ எண்டும் தெரியாது. நீ பொய் எண்டு சொன்ன செபம் அதுதான்.

அண்டைக்குச் செவ்வாய்க்கிழமை, ஆண்டவர் பட்ட பாடுகளை நினைச்சுச் சொல்லுற துக்க தேவ இரகசியம். அப்பா சாய்மனைக் கதிரையில, வலப்பக்க வாயால வடியிறதுக்குத் தோளில துவாய், இடக்கையில செபமாலையைக் குடுத்து வைச்சிருந்தம், சும்மா பிடிச்சுக்கொண்டு இருப்பார் எண்டு. மாதாவுக்குச் சொல்லுற செபத்தில நான் முன்பகுதி சொல்ல தங்கச்சி பின்பகுதி சொல்லிக்கொண்டு வாறாள், ரெண்டாம் பத்து நடக்கேக்க அவளின்ர குரலோட இன்னொரு குரல் சேருது. முதல்ல நான் ரோட்டில ஆரோ கதைக்கினம் எண்டு நினைச்சன். தங்கச்சி "தூய மரியே, இறைவனின் தாயே" எண்ட புதுச் செபத்தைச் சொல்ல, பக்கத்தில "அர்ச்சியசிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே" எண்டு பழசு போகுது, உன்ர அப்பம்மா சொல்லுற அந்தச் செபம், கோயில்லயே இப்ப ஒருத்தரும் அப்பிடிச் சொல்லுறேல்ல. அவள் "இறப்பின் வேளையிலும்" எண்ட, அவர் "மரண நேரத்திலும்" எண்டார். ஒரு சொல் விழேல்ல. இடக்கைப் பெருவிரல் மணியைத் தள்ளுது.

நான் அப்பிடியே நிப்பாட்டீட்டன். நான் நிப்பாட்ட அவரும் நிண்டிட்டார், கண்ணால தண்ணி ஓடுது. நான் ஓடிப்போய் முழங்காலில இருந்து, என்னை ஆர் எண்டு சொல்லுங்கோ, என்ர பேரைச் சொல்லுங்கோ எண்டன். வாயைத் திறந்தார், மூடினார், வரேல்ல. தங்கச்சிதான், அம்மா நீங்கள் செபத்தைத் தொடங்குங்கோ எண்டாள், தொடங்கினன், வந்திட்டுது. நாற்பது வருசத்துக்குக் கிட்ட ஒரு வீட்டில இருந்த என்ர பேர் வராத வாய்க்கு, சின்னப் பெடியனா இருக்கேக்க தாய் மடியில இருந்து பாடமாக்கின செபம் முழுசா வருது.

பேச்சுப் பயிற்சி குடுக்கிற மிஸ்ஸிட்டச் சொல்ல, அவ ஆச்சரியப்படேல்ல. பாடமாக்கினதுகள், செபம், பாட்டு, ஒண்டு ரெண்டு மூண்டு எண்ணுறது, திங்கள் செவ்வாய் எண்டுறது, பேசுற கெட்ட சொல் கூட, இதுகள் புதுசா ஒரு வசனத்தை யோசிச்சுக் கட்டிக் கதைக்கிற மாதிரி இடப்பக்கத்தை மட்டும் நம்பி இருக்கிறேல்லையாம், அதால பேச்சுப் போன ஆக்களில கனபேருக்கு இது மிஞ்சி நிக்குமாம். பாட்டில இருந்து சின்னச் சின்னச் சொல்லுக்குக் கொண்டு வரலாம், கூத்துப் பாட்டுப் பாடுறவர் எண்டா இன்னும் நல்லது எண்டா. இப்ப அவ "தண்ணி தாங்கோ" எண்டதை ஒரு ராகத்தில இழுத்துச் சொல்லிக் குடுத்து, அப்பா அதை அப்பிடியே இழுத்துச் சொல்லுறார். "வலை" இப்ப குறைஞ்சு போச்சு.

ஊருக்குள்ள கதை பரவ, அந்தோனியார் புதுமை செய்திட்டார், கோயில்ல சாட்சி சொல்லு எண்டு சனம் வந்தது. நான் மாட்டன் எண்டிட்டன். அந்த வாட்டில அப்பாக்குப் பக்கத்துக் கட்டிலில படுத்திருந்தவரின்ர மனிசியும் அழுது மண்டாடினவதான், அவருக்குப் பேச்சு வரேல்லயே, அந்தோனியார் ஆள் பாத்தா செய்யிறவர்? வேற ஒரு கூட்டம் வந்து விசுவாசம் இருந்தாக் குளிசையை நிப்பாட்டுங்கோ, நடப்பார் எண்டினம். தேத்தண்ணி குடுத்து அனுப்பிப்போட்டு அவை படலை தாண்ட முதல் பின்னேரக் குளிசையைக் குடுத்தன். பக்கத்து வீட்டுச் சைவ ஆக்கள் நல்லூரில அர்ச்சனை செய்து கொண்டுவந்ததை மட்டும் ரெண்டு கையாலயும் வாங்கினன், அவை ஒண்டையும் நிப்பாட்டச் சொல்லேல்ல.

எனக்கு அது புதுமை இல்லாட்டியும் பரவாயில்லை மகன். நான் அதில பாத்தது வேற. அப்பம்மா அவரை அடிச்சு இருத்திப் பாடமாக்கேக்க அவருக்கு மனம் கடலிலயும் கிளித்தட்டிலயும்தான் இருந்திருக்கும், ஒரு சொல்லும் விளங்கி இருக்காது. உனக்கும் அப்பிடித்தான், நித்திரை தூங்கித் தூங்கித்தானே சொன்னனீ. மனம் இல்லாமச் சொன்ன அந்தச் செபம்தான் மற்ற எல்லாம் போன நேரம் உள்ளுக்க கிடந்தது. அதை நான் எப்பிடிப் பொய் எண்டு சொல்ல?

1995 ஒக்ரோபர் 30, உனக்கு மூண்டு வயசு, ஞாபகம் இராது. யாழ்ப்பாணத்தை விட்டு எல்லாரும் வெளிக்கிடுங்கோ எண்டு ஸ்பீக்கர்ல சொல்லிக்கொண்டு போகினம், பாசையூரில இருந்து அரியாலை வந்து செம்மணி வெளியில ஏறினா லட்சக்கணக்கில சனம், ஒரே ஒரு ரோட், நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்குப் போகோணும். மழை. இருட்டு. அப்பாவின்ர தோளில நீ, என்ர தலையில பெட்டி, ஒரு அடி வைச்சா அரை மணித்தியாலம் நிக்கோணும். எங்களுக்கு முன்னால ஒரு கிழவி செபமாலை தொடங்கினா, சனம் பதில் சொல்லிக்கொண்டு நடந்தது, பக்கத்தில வந்த சைவச் சனம் முருகா முருகா எண்டிது. அண்டைக்கு ஒருத்தருக்கும் பக்தி பொங்கி வழியேல்ல, ஷெல் எந்தப் பக்கம் விழுது எண்டுதான் காது. ஆனா அந்தப் பாடம் வாயில ஓடினதால கால் நடந்தது. நான் அதை நம்புறன்.

உனக்கு ஞாயிறு மறைக்கல்வியில சொன்னவை, மறந்திருப்பாய். 1658இல ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடிச்சுக் கத்தோலிக்கக் குருமாரைத் துரத்தினவை, பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, ஒளிச்சுத்தான் எல்லாம். புனித யோசவ்வாஸ் அடிகளார் பிச்சைக்காரன் வேசத்தில வந்து இறங்கினது 1687இல. கழுத்தில செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாப் பிச்சை கேட்டு, ஆர் அதைப் பாத்து முகம் மாறுகினம் எண்டு பாத்துத்தான் எங்கட ஆக்களைக் கண்டுபிடிச்சவராம், பேந்து சில்லாலையில இருந்து வேலை செய்தவர். 2015இல பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்புக்கு வந்து அவரைப் புனிதராக்கினதை நாங்கள் எல்லாரும் ரீவியில பாத்தம் எல்லே. முப்பது வருசத்துக்குக் கிட்ட சுவாமிமார் இல்லாத சனத்திட்ட என்ன இருந்திருக்கும் சொல்லு? தாய்மார் பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுத்த பாடம்தான்.

ஏன், சிலுவையில தொங்கேக்க ஆண்டவரே புதுசா ஒண்டும் தேடேல்ல. என் கடவுளே ஏன் என்னைக் கைவிட்டீர் எண்டு கத்தினது 22ஆம் திருப்பாடலின்ர முதல் வரி, உமது கையில என்ர உயிரை ஒப்படைக்கிறன் எண்டது 31ஆம் திருப்பாடல். பெரிய வெள்ளிப் பிரசங்கத்தில சுவாமி இதைச் சொல்லேக்க எனக்கு மேல் புல்லரிச்சுது. மாதா சின்னனில சொல்லிக் குடுத்திருப்பா எண்டு நான் நினைக்கிறன், சுவாமி அதைச் சொல்லேல்ல, நான் தாய் எண்டபடியா அப்பிடி நினைக்கிறன். உன்ர கோவமும் அந்த 22இல இருக்கு மகன், எடுத்து வாசி. நீ கத்துறதுக்குக் கூட ஆரோ உனக்கு முதலே சொல் எழுதி வைச்சிருக்கினம்.

நானும் மாறிப்போனன். வீட்டுக் கஷ்டம் படலை தாண்டக் கூடாது எண்டு வளந்தவள் நான். இப்ப ஞாயிறு விடியப் போய் சந்தியில நிக்கிற பெடியளைக் கூப்பிட்டு, தம்பியவை, ஒருக்கா வந்து அப்பாவைக் கதிரையோட தூக்கி ஓட்டோவில ஏத்துங்கோ எண்டு கேக்கிறன், வருகினம். போட்டைப் பங்குக்கு விட்டிருக்கிறம், நண்டும் இறாலும் வந்தாப் பாசையூர்ச் சந்தையில ஏலம் கூறேக்க நானே நிக்கிறன், விலை குறைச்சா எல்லாருக்கும் முன்னால கேக்கிறன். பயம் போச்சு எண்டு சொல்லேல்ல. விடிய வெளிக்கிடேக்க சிலுவை போட்டு ஒரு பரலோக மந்திரம், அதுவும் ஓடிற ஓட்டத்தில வாயால மட்டும்தான், பேந்து போறன். அப்பா படுத்த பிறகுதான் எனக்குள்ள இப்பிடி ஒருத்தி இருக்கிறாள் எண்டு எனக்கே தெரிஞ்சுது, அவளை ஆண்டவர்தான் எழுப்பினவர் எண்டு நான் சொல்லுவன், நீ வேற மாதிரிச் சொன்னாலும் நான் சண்டைக்கு வரன்.

உன்னைக் கோயிலுக்குப் போ எண்டு இந்தக் கடிதத்தில கேக்கேல்ல. ஒண்டே ஒண்டுதான் கேக்கிறன். எங்கட ஏழு மணி உங்க மத்தியானம் ரெண்டரை, மத்தியான வேலை முடிஞ்சு இரவு வேலை தொடங்க முதல் உனக்குக் கிடைக்கிற நேரம். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில எடு. அப்பாவிட்டக் கேள்வி கேட்டு அவசரப்படுத்தாத, அவர் சொல்லைத் தேடேக்க நீ எடுத்துக் குடுக்காத, பொறுத்து இரு, மிஸ் அப்பிடித்தான் சொன்னவ. பேந்து செபமாலையில ஒரு பத்து மணி உருட்டி முடியுமட்டும் நீ முன்பகுதியைச் சொல்லு, மனம் எங்க நிண்டாலும் பரவாயில்லை. பின்பகுதியை அப்பா சொல்லுவார்.

அன்புடன்,
அம்மா