முதலில் பூ, பிறகு நிறம்

அன்புள்ள மீனாவுக்கு,

உன் வகுப்பு நாலு வயதுப் பிள்ளைகளுக்கு ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும் நிறம் சொல்லித்தர, மெக்சிகோக்காரர்கள் இறந்தவர்களை நினைத்துப் படையல் வைக்கும் 'தியா தெ முயெர்த்தோஸ்' திருவிழாவை எடுத்துக்கொண்டாய் என்றதும் மனசு நிறைந்துவிட்டது. நவம்பர் 1, 2 தேதிகளுக்கு மூன்று வாரம் முன்பே தொடங்கிவிடு.

'மொராதோ, பர்ப்பிள்' என்று ஜோடி ஜோடியாக அட்டை எழுதி ஒட்டாதே. காலையில் ஸ்பானிஷ், மதியம் ஆங்கிலம் என்று பிரித்துக்கொள். சாமான்கள் மட்டும் இரண்டு வேளையும் அதேதான்.

நிறத்தைத் தனியாகச் சொல்லவே சொல்லாதே. ஸ்பானிஷில் 'பபேல் பிளாங்கோ' என்றால் முதலில் தாள், பிறகு வெள்ளை. பொருளைப் பார்த்த பிறகுதான் நிறம் காதில் விழுகிறது. ஆங்கிலத்தில் நிறம் முன்னால் வந்துவிடுவதால் 'தி பேப்பர் இஸ் ஒயிட்' என்று சொல். விழாவில் வைக்கும் மண்டையோட்டுக்கு வந்தால் 'கலவேரா பிளாங்கா'; ஸ்பானிஷில் அந்தச் சொல் பெண்பால், அதனால் நிறச்சொல்லும் மாறுகிறது. 'பிளாங்கோ'வை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை 'பிளாங்கா' ஏதோ வேறு நிறம் என்று நினைத்துக்கொள்ளும். 'கலவேரா பிளாங்கோ' என்று சொன்னால் தடுக்காதே. 'ஸீ (ஆமாம்), கலவேரா பிளாங்கா' என்று நீ திருப்பிச் சொன்னால் போதும். வெர்தே (பச்சை), அசூல் (நீலம்), ரோசா (ரோஸ்) பாலுக்கேற்ப மாறாது.

படையலுக்கு வைக்கும் செம்பசூச்சில் பூ நம்ம செண்டுமல்லியேதான். அதன் தாய்நாடே மெக்சிகோ. அங்குள்ள பழங்குடி மக்களின் நவாட்ல் மொழியில் அந்தப் பெயருக்கு 'இருபது பூ' என்று பொருள். ஒரே பூக்கட்டுக்குள் மஞ்சளும் ஆரஞ்சும் கலந்திருந்தால் பிள்ளைக்கு எது எது என்று பிடிபடாது. முதல் வாரம் அடர் ஆரஞ்சு மட்டும் வாங்கு. இதழை உதிர்த்துப் படையல் மேசை வரை பாதை போடட்டும். போடும்போதே 'ஃப்ளோர் நரான்ஹா' என்று சொல்லிக்கொண்டிரு. படையலில் கோழிக்கொண்டைப் பூவும் வைப்பார்கள், ஆனால் சிவப்பு சொல்லித்தர அது வேண்டாம். அது ரோஸும் ஊதாவும் கலந்த நிறம்.

'பபேல் பிகாதோ' என்ற வெட்டுத்தாள் தோரணத்துக்கு மெல்லிய டிஷ்யூ தாளை 20க்கு 15 செ.மீ. அளவில் நறுக்கிக்கொள். இரண்டு முறை மட்டும் மடி. நாலு அடுக்குக்கு மேல் போனால் குழந்தைகளின் கத்தரிக்கோல் வெட்டாது, தாள்தான் கசங்கும். மேலே 3 செ.மீ. வெட்டாமல் விட்டு, அதை நூலின்மேல் மடித்து ஒட்டு. பசைக்குச்சிதான் வேண்டும். தண்ணிப் பசையில் சாயம் இறங்கும்; ஊதா ஆரஞ்சில் ஊறினால் பழுப்பாகிவிடும், பிறகு அந்தத் தாளைக் காட்டி எந்த நிறம் என்று கேட்பாய்?

முதல் வாரத்துக்கு ஆரஞ்சு, ஊதா, வெள்ளை போதும். கற்றுக்கொண்டார்களா என்று பார்க்க, பெயரைக் கேட்காதே. 'தாமே எல் பபேல் மொராதோ' (ஊதாத் தாளைக் கொடு) என்று கை நீட்டு. ஊதாத் தாளை எடுத்துக் கொடுத்துவிட்டு 'பர்ப்பிள்!' என்று கத்தினாலும் அந்தப் பிள்ளைக்கு நிறம் தெரியும். ஸ்பானிஷ் சொல் இன்னும் சில நாளில் வாய்க்கு வந்துவிடும்.

வீட்டில் அண்மையில் யாரையாவது இழந்த பிள்ளை வகுப்பில் இருக்கிறதா என்று மண்டையோடுகளை வெளியே எடுப்பதற்கு முன்பே பெற்றோரிடம் கேட்டுவிடு.

அன்புடன்,
அம்மா