ஒளிப்பட நூல்களுக்கு மட்டக்களப்பில் ஓர் அலுமாரி

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் வார இதழில் சில கிழமைகளுக்கு முன் வெளியான வாசகர் கடிதமொன்றில், கைத்தொலைபேசியிலேயே ஆயிரக்கணக்கான படங்களைப் பார்க்கக்கூடிய இக்காலத்தில் ஒளிப்பட நூல்களையும் சஞ்சிகைகளையும் விலை கொடுத்து வாங்கிச் சேர்ப்பது பணமுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்றும், பொது நூலகங்கள் அவற்றுக்காக ஒரு சதமும் செலவிடக் கூடாது என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அவர் சொன்னதில் பாதி உண்மை; நல்ல ஒளிப்பட நூல்கள் விலை கூடியவைதாம். மற்றப் பாதியைப் பற்றியே இக்கடிதம். நான் கல்லடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியன். முன்பு சம்பளத்துக்கும் இப்போது ஓய்வூதியத்துக்கும் இயன்ற அளவில், இருபது ஆண்டுகளாக ஒளிப்பட நூல்களையும் சஞ்சிகைகளையும் எண்ணிட்ட படப்பிரதிகள் சிலவற்றையும் சேர்த்து வருகிறேன்.

இந்தப் பழக்கம் கலை ஆர்வத்தால் மட்டும் வந்தது என்று சொல்ல மாட்டேன். 2004 மார்கழி 26 ஆம் திகதிச் சுனாமிக்குப் பின் வந்த நாள்களில் கல்லடியிலும் நாவலடியிலும் மணலைக் கிளறியவர்கள், நகைப்பெட்டியைத் தேடியது போலவே கலியாண அல்பத்தையும் தேடினார்கள். எங்கள் வீட்டு அல்பம் கிடைத்தது. ஆனால் உப்புத்தண்ணீரில் ஊறிய பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்திருந்தன. பிரிக்கப் பிரிக்க முகங்கள் எதிர்ப்பக்கத்தோடு உரிந்து போயின. என் தாயாரின் இடது தோளும் சேலைக்கரையும் மாத்திரம் ஒரு பக்கத்தில் மிஞ்சின. படமெடுத்த ஸ்ரூடியோவில் நெகற்றிவ் இருக்குமோ என்று போய்க் கேட்டபோது, பிஸ்கற் ரின்களில் அடுக்கி வைத்திருந்த பழைய நெகற்றிவ்கள் எல்லாம் 1978 சூறாவளியிலேயே கூரையோடு போய்விட்டன என்றார்கள். ஒரே ஒரு பிரதியை நம்பியிருந்த எங்கள் பேதைமை அன்றுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் வீட்டு அல்பத்துக்கு நேர்ந்தது பெரிய கலைஞர்களுக்கும் நேர்ந்திருக்கிறது. இலங்கையின் தலைசிறந்த ஒளிப்படக் கலைஞரென்று கொள்ளப்படும் லயனல் வென்ட் 1944 இல் இறந்த பிறகு அவருடைய நெகற்றிவ்கள் அழிக்கப்பட்டுவிட்டன. இன்று நாம் அவருடைய ஒளியையும் நிழலையும் பற்றிப் பேச முடிகிறதென்றால், அவர் காலத்தில் அச்சிட்ட படப்பிரதிகள் ஆங்காங்கே தப்பியதும், 1950 இல் லண்டனில் அவருடைய படங்கள் நூலாக வெளிவந்ததுமே காரணம். பல பேரின் அலுமாரிகளுக்குள் பரவிக் கிடக்கிற நூலை ஒரு புயலால் ஒரே இரவில் அழித்துவிட முடியாது.

கைத்தொலைபேசியில் பார்த்தால் போதாதா என்பது கடிதக்காரரின் கேள்வி. ஒளிப்பட நூல் என்பது படங்களைப் போட்டு வைக்கும் பை அல்ல. ரொபர்ட் ஃபிராங்க் என்னும் சுவிற்சர்லாந்துக்காரர் 1955 இலும் 1956 இலும் அமெரிக்காவைச் சுற்றி ஏறத்தாழ 28,000 படங்கள் எடுத்தார். 1958 இல் பாரிசில் வெளியான அவருடைய நூலில் இருப்பவை 83 மாத்திரமே. மிச்சத்தைக் கழித்ததும், இருப்பதை இந்தப் படத்துக்குப் பின் இந்தப் படம் என்று வரிசைப்படுத்தியதும்தான் அவருடைய வேலையில் பெரும்பகுதி. அந்த வரிசையைக் கலைத்துவிட்டால், படங்கள் இருக்கும், நூல் இராது.

இதை எனக்குப் பாடமாக்கியவர் நகரத்துப் பைண்டிங் தொழிலாளி ஒருவர். பசை மட்டும் போட்டு ஒட்டிய ஒரு நூல், கச்சான் காற்றடித்த ஓர் ஆடி மாதத்தில் முதுகு வெடித்துத் தாள் தாளாகக் கழன்றுவிட்டது. கொண்டுபோய்க் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, “சேர், இதில எழுத்தே இல்லியே, என்னத்தக் கட்டச் சொல்றீங்க?” என்று கேட்டார். ஒரு கிழமை கழித்து அருமையான தையல் கட்டோடு நூல் திரும்பி வந்தது. ஆனால் பக்க எண் இல்லாத நூலாகையால் தாள்கள் கலைந்துபோக, அவர் தம் மனத்துக்குச் சரியென்று பட்டபடி பிள்ளைகளின் படங்களை எல்லாம் முன்னாலும், கடற்படங்களை நடுவிலும், வயதானவர்களைக் கடைசியிலுமாக அடுக்கியிருந்தார். ஒரு வகையில் அழகான வாழ்க்கை வரலாறுதான். ஆயினும் அது அந்தக் கலைஞரின் நூல் அல்ல. அவிழ்த்துத் திரும்பக் கட்டுவதற்கு இரண்டாந்தரமும் காசு கொடுத்தேன். அதன் பிறகு பக்க எண் இல்லாத எந்த நூலை வாங்கினாலும் அதன் வரிசையை ஒரு கொப்பியில் குறித்து வைத்துக்கொள்கிறேன்.

நூலின் வடிவமே ஒரு கருத்தாகவும் அமையக்கூடும். இந்தியக் கலைஞர் தயாநிதா சிங் 2008 இல் ஜேர்மனியின் ஸ்ரைடல் பதிப்பகத்தின் வழியாக வெளியிட்ட ஒரு படைப்பு, ஒரு பெட்டிக்குள் அடங்கிய ஏழு சிறு நூல்கள். ஒவ்வொன்றும் விசிறிபோல் மடிந்து விரியும். நண்பர்களுக்கு அனுப்பும் கடிதமாகப் படங்களைக் கோத்த அவர், பத்மநாபபுரம் அரண்மனையையும் அவற்றுள் ஒன்றாக வைத்திருக்கிறார். மேசையில் விரித்து நிறுத்தினால் அது சிறு கண்காட்சி. மடித்தால் சட்டைப்பைக்குள் போகும். கண்காட்சி மண்டபம் என்று சொல்லத்தக்க இடம் அரிதான எங்கள் ஊர் போன்றவற்றுக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் எனக்குத் தோன்றவில்லை. அதைத் தொலைபேசித் திரையில் எப்படிப் பார்ப்பது?

சஞ்சிகைகளைப் பற்றி நீட்டி எழுத இங்கே இடமில்லை. 1952 இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘அப்பச்சர்’ இன்றும் வருகிறது. ஜப்பானில் 1968 இலும் 1969 இலும் மூன்றே இதழ்கள் வந்து நின்றுபோன ‘ப்ரொவோக்’ அந்நாட்டு ஒளிப்படக் கலையின் போக்கையே திருப்பிவிட்டது. முதலாவதன் பழைய இதழ்கள் சிலவற்றைக் கொழும்பு மருதானைப் பக்கத்துப் பழைய புத்தகக் கடைகளில் சமையற் குறிப்பு நூல்களுக்கு அடியிலிருந்து எடுத்திருக்கிறேன். இரண்டாவதன் மூல இதழை வாங்க என் வீட்டை விற்க வேண்டி வரும்.

எண்ணிட்ட படப்பிரதிகள் என்பது பலருக்குப் புதிதாக இருக்கலாம். ஒரு நெகற்றிவிலிருந்தோ கணினிக் கோப்பிலிருந்தோ எத்தனை பிரதியும் எடுக்கலாம். கலைஞர் தாமாகவே, பதினைந்து மட்டும்தான் எடுப்பேன் என்று வரையறுத்து, ஒவ்வொன்றிலும் 4/15, 5/15 என்று பென்சிலால் எண்ணிட்டுக் கையொப்பமிடுகிறார். ஆகவே வாங்குபவர் தாளுக்கு மட்டுமன்றி ஒரு வாக்குக்கும் விலை கொடுக்கிறார். பதினாறாவது பிரதி வெளியே வந்தால் முதற் பதினைந்து பேரும் ஏமாற்றப்பட்டவர்கள். இதில் பகட்டுக்கும் இடமுண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்: ஆறே பிரதிகளுக்கு வரையறுக்கப்பட்ட, ஜேர்மன் ஒளிப்படக் கலைஞர் அன்ட்ரேயாஸ் குர்ஸ்கியின் ரைன் நதிப் படத்தின் ஒரு பிரதி 2011 இல் நியூயோர்க் ஏலத்தில் 43 இலட்சம் டொலருக்குப் போனது. மறுபுறத்தில் அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் அன்சல் அடம்ஸ், 1941 இல் தாம் எடுத்த நிலவுப் படமொன்றை எந்த வரையறையும் வைக்காமல் 1,300 தடவைக்கு மேல் தம் கையாலேயே அச்சிட்டார். அதன் மதிப்பும் குறையவில்லை.

என்னிடமுள்ள பிரதிகளுள் எனக்கு மிகவும் நெருக்கமானது, எங்கள் மாவட்டத்து மாணவி ஒருவர் எடுத்தது. வாவிக்கரையில் காயப்போட்ட வலை, அதன் கண்களுக்குப் பின்னால் மங்கலாகக் கல்லடிப் பாலத்தின் பழைய இரும்பு வளைவுகள். மூன்று நாள் கண்காட்சியின் கடைசி நாளில் வாங்கினேன். சட்டமிடக் கொடுத்த கடையில், படம் சுருங்காமல் இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தோடு, வெள்ளைப் பசை பூசி அதை ஹார்ட்போர்ட்டில் ஒட்டிவிட்டார்கள். கையொப்பமும் எண்ணும் படத்தின் பின்புறத்தில் இருந்தன! பதினைந்தில் நான்காவது என்பதற்கு இன்று என் சொல்லைத் தவிர வேறு சான்றில்லை. பசையிலுள்ள அமிலம் ஒரு மூலையில் மஞ்சளாக ஊறத் தொடங்கியும் விட்டது. படத்தை ஒட்டவே கூடாது, அமிலமற்ற அட்டையில் மூலைகளை மட்டும் தாளுறையால் பிடித்து நிறுத்த வேண்டும், கண்ணாடி படத்தைத் தொடாதபடி இடைவெளி விட வேண்டும் என்பவற்றைச் சட்டக்காரரிடம் எழுதியே கொடுத்துவிடுவது நல்லது. நான் அப்படிச் செய்யவில்லை, பிழை என்னுடையதுதான்.

எங்கள் காலநிலையும் சேகரிப்பாளருக்குத் துணை நிற்பதில்லை. தாளுக்கும் ஒளிப்படத்துக்கும் காற்றில் ஈரப்பதன் 30 முதல் 50 வீதம் வரை இருப்பது உகந்தது என்பார்கள். மாரியில் எங்கள் கரையோரத்தில் அது 80 வீதத்தைத் தாண்டுகிறது. பளபளப்பான தாளில் அச்சான நூல்கள் ஒட்டிக்கொள்ளும், துணி அட்டையில் பூஞ்சணம் பிடிக்கும், இராமபாணப் பூச்சி பசையைத் தேடி முதுகுக்குள் புகுந்துவிடும். நான் குளிரூட்டி வைத்திருப்பவனல்லன். சுவரோடு ஒட்டாத இரும்பு அலுமாரி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா மணிப் பொதிகள், அவற்றோடு எல்லா நூல்களையும் ஆண்டில் இருமுறை எடுத்துக் காற்றாடப் பிரித்து வைக்கும் வழக்கம், இவ்வளவுதான். மூன்றாவதை நான் கற்றுக்கொண்டது எந்த மேல்நாட்டுக் கையேட்டிலிருந்தும் அல்ல. எங்கள் பகுதிக் கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்குக்கு, கண்ணகி கதையைச் சொல்லும் வழக்குரை ஏட்டைப் பெட்டகத்திலிருந்து எடுத்துப் பிரித்துப் படிப்பதைச் சிறுவயதிலிருந்து பார்த்தவன் நான். ஆண்டுதோறும் கை படுகிற ஏட்டில் பூச்சி குடியிருக்க முடியாது.

இனி இக்கடிதத்தின் நோக்கத்துக்கு வருகிறேன். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இன்று கமராவைத் தீவிரமாகக் கையாளும் இளைஞர்கள் பலர் இருக்கிறார்கள். சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் கல்லடியிலேயே இருக்கிறது. இவர்கள் கண்காட்சி வைக்கிறார்கள். படங்கள் மூன்று நாள் தொங்குகின்றன. பிறகு சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கடியில் போகின்றன. சிலர் முப்பது, நாற்பது பக்கங்களில் ஐம்பது பிரதிகள் மாத்திரம் அச்சிட்டு, நடுவில் கம்பி அடித்து, சிறு படநூல்களாகவும் வெளியிடுகிறார்கள். அப்படிப்பட்ட ஐந்து நூல்களைப் பொது நூலகமொன்றுக்கு அன்பளிப்பாகக் கொண்டுபோனேன். அங்கிருந்த அலுவலர் மரியாதையோடுதான் பேசினார். ஆனால் 49 பக்கங்களுக்குக் குறைந்தது நூல் ஆகாது, சர்வதேசத் தராதர நூல் எண்ணும் (ISBN) இல்லை, ஆகவே பதிவேட்டில் ஏற்ற முடியாது என்றார். இரண்டு மாதம் கழித்துச் சென்றபோது அந்த ஐந்தும் பழைய வாரப் பத்திரிகைகளோடு சணல் கயிற்றால் கட்டப்பட்டு, நிறுத்து விற்கும் குவியலில் இருந்தன. திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

49 பக்கம் என்ற அந்த அளவு யுனெஸ்கோ 1964 இல் சிபாரிசு செய்தது. நாடுகள் ஆண்டுக்கு எத்தனை நூல் வெளியிடுகின்றன என்று ஒரே அளவுகோலால் கணக்கெடுப்பதற்காக வைத்த எல்லை அது. எதை வைத்திருக்கலாம், எதை எறியலாம் என்று நூலகருக்குக் கட்டளையிட வைத்ததல்ல. நூல் எண் இல்லாத குறை எங்கள் இளைஞர்களுடையது. அதை வழங்குவது கொழும்பிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை என்பதையும், விண்ணப்பித்துப் பெறலாம் என்பதையும் அவர்களுக்கு யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும். 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்தி வரும் நூலகம் நிறுவனத்தின் பணி போற்றத்தக்கது. ஆனால் எழுத்தை வருடி எடுத்தால் வாசிக்கலாம், மையின் கருமையையும் தாளின் தடிப்பையும் அப்படி எடுக்க முடியாது. மூலப் பிரதி ஒன்றாவது ஊரில் இருக்கத்தான் வேண்டும்.

நான் கேட்பது கட்டடம் அல்ல. எங்கள் மாவட்டப் பொது நூலகங்களுள் ஒன்றில் பூட்டுள்ள ஓர் அலுமாரியும், நூலை முழுதாக விரித்து வைத்துப் பார்க்கக்கூடிய அகலமான ஒரு மேசையும், பக்கம் எத்தனையாயினும் படநூல்களுக்கென்று ஒரு தனிப் பதிவேடும் போதும். உள்ளூர்க் கண்காட்சி ஒவ்வொன்றிலிருந்தும் எண்ணிட்ட ஒரு பிரதியை அந்த நூலகம் விலை கொடுத்தே வாங்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். இலவசமாகக் கேட்கும் பழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும். வெளிநாட்டு நூல்களின் விலையைப் பற்றிக் கடிதக்காரர் கவலைப்பட்டது நியாயமே. 2022 இன் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாவானபோது நானும் வெளிநாட்டுக்குக் கட்டளை அனுப்புவதை நிறுத்தினேன்; இன்னும் தொடங்கவில்லை. அந்த நூல்களுக்கு நூலகம் செலவிட வேண்டியதில்லை. என்னிடமுள்ள அறுபத்து மூன்று நூல்களையும் அப்படியே தந்துவிடத் தயாராக இருக்கிறேன். இரவல் கொடுக்கக் கூடாது, கை கழுவித் துடைத்த பிறகே தொட வேண்டும், அலுமாரி சுவரோடு ஒட்டி நிற்கக் கூடாது என்னும் மூன்று நிபந்தனைகள் மட்டும் உண்டு. தட்டச்சிட்ட பட்டியல் ஆயத்தமாக இருக்கிறது. பொறுப்பேற்க விரும்பும் நூலகம் தங்கள் பத்திரிகை வாயிலாக அறிவித்தால், புரட்டாசி முடிவதற்குள் எடுத்துச் செல்லலாம்; மாரி தொடங்கிய பிறகு அந்த நூல்களை வெளியே எடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியன்,
கல்லடி, மட்டக்களப்பு.