குடிநீர்ச் சங்க ஆண்டறிக்கை

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மழை பொய்த்த ஆண்டு இது. புதிதாக ஆழ்துளைக் கிணறு போடச் சொல்லிக் கோரிக்கைகள் வந்தபடி இருந்தன. செயற்குழு அதற்கு இசையவில்லை; இருப்பதைப் பழுதில்லாமல் ஓட வைக்கவே பணத்தைச் செலவிட்டது. பாறைப் பகுதியில் ஆழம் போகப் போக நீரில் உப்பும், மிகுந்தால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடும் அதிகரிக்க வாய்ப்புண்டு. குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். காய்ச்சிக் குடித்தால் போதாதா என்று கேட்கிறார்கள். காய்ச்சினால் கிருமி சாகும். ஃபுளோரைடு போகாது, நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு ஏறத்தான் செய்யும்.

அடிகுழாய்கள்: சரியாக இருக்கும் ஆழ்கிணற்று அடிகுழாயை நிமிடத்துக்கு 40 தடவை அடித்தால் ஏறக்குறைய 12 லிட்டர் வர வேண்டும். தண்ணீர் குறைந்தால் உடனே வாஷரை (உள்ளே நீரை மேலே தள்ளும் பிஸ்டனின் வளையத்தை) மாற்றுவது வீண் செலவு. முதலில் அரை மணி நேரம் அடிக்காமல் விட்டுப் பிறகு அடித்துப் பார்க்க வேண்டும். முதல் சில அடிகள் வெறுமையாகப் போய், பின் முழுதாகக் கொட்டினால் அடி வால்வோ (நீர் கீழே திரும்பாமல் தடுக்கும் அடைப்பு) குழாய் இணைப்போ ஒழுகுகிறது. முதலில் நன்றாக வந்து, போகப் போகக் காற்றும் நீருமாகத் துப்பினால் நீர்மட்டம் சிலிண்டர் (கிணற்றுக்குள் வாஷர் இயங்கும் உருளை) வரை இறங்கிவிட்டது. அங்கே 3 மீட்டர் குழாயும் கம்பியும் கூடுதலாகச் சேர்ப்பதே வழி. கிணற்றின் அடிவரை இறக்கிவிடக் கூடாது. மணல் ஏறினால் வாஷர் சீக்கிரம் தேய்ந்துவிடும். அடிகுழாய் மேடையில் விரிசல் கண்டால் அன்றே சிமென்ட் பூச வேண்டும். சிந்திய அழுக்கு நீர் அந்த வழியாகத்தான் கிணற்றுக்குள் திரும்புகிறது.

திறந்த கிணறுகளில் குளோரின் வாடை வீசுகிறது என்ற புகார் இந்த ஆண்டு அதிகம். கிருமி நீக்கும் பிளீச்சிங் பவுடரை நீர்மட்டம் இறங்கிய பிறகும் மழைக்காலத்து அளவிலேயே போடுவதுதான் இதற்குப் பெரும்பாலும் காரணம். ஆகவே ஒவ்வொரு முறையும் கயிற்றில் கல் கட்டி நீரின் ஆழத்தை அளக்க வேண்டும். விட்டம் 3 மீட்டர், நீர் 2 மீட்டர் என்றால் சுமார் 14,000 லிட்டர். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் 35 கிராம் பிளீச்சிங் பவுடர் போதும். இது குளோரின் 33 விழுக்காடு உள்ள புதுப் பவுடருக்கான கணக்கு; திறந்து கிடந்த பழைய பவுடரில் பாதி வீரியம்கூட இருக்காது. பவுடரைப் பசையாகக் குழைத்து, வாளியில் முக்கால் பங்கு நீர் விட்டுக் கலக்கி, பத்து நிமிடம் தெளிய விட வேண்டும். தெளிந்த நீரை மட்டும் வேறு வாளியில் இறுத்துக் கிணற்றில் இறக்கிக் கலக்க வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பைக் கொட்டினால் தண்ணீர் கடினமாகும். ஒரு மணி நேரம் கழித்துச் சோதிக்கும்போது எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் இருக்க வேண்டும். குறைந்தால் அளவைக் கூட்டலாம். மாலையில் போட்டால் காலையில் இறைக்க வசதி.

ஊருணியில் தூர் வாரியபோது களிமண் தட்டியதும் வேலை நிறுத்தப்பட்டது. இன்னும் ஆழப்படுத்தலாமே என்றவர்களுக்கு: தண்ணீரைத் தாங்குவதே அந்தக் களிமண்தான்.

கூரை மழைநீர்த் தொட்டிகளைப் பற்றி ஒன்று. 50 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் இழப்பு போகச் சுமார் 800 லிட்டர் சேரும். ஆனால் கோடை கழிந்து வரும் முதல் மழையில் பறவை எச்சமும் தூசும் வரும். சதுர மீட்டருக்கு ஒரு லிட்டராவது வெளியே விட்ட பிறகே தொட்டிக்குத் திருப்ப வேண்டும்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வைப்பார். வாஷர், அடி வால்வு, சங்கிலி போல்ட் ஆகிய உதிரிகளை எப்போதும் கையிருப்பில் வைக்கவும், எல்லாக் கிணறுகளிலும் மாதம் ஒருமுறை நீர்மட்டம் அளந்து பதியவும் வரும் ஆண்டுக்கு ஒப்புதல் கோருகிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்