பின்கோடு எல்லாம் ஞாபகம் இருக்கிறது

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அனுப்பிய ஹார்ட் டிஸ்க் வந்து சேர்ந்தது. இரண்டு டெராபைட்டாம். எங்கள் கல்யாண ஆல்பத்தில் தொடங்கி உனக்கு மொட்டை போட்ட படம் வரை ஸ்கேன் செய்து ஏற்றியும் ஒரு மூலைகூட நிறையவில்லை என்றார் ஸ்டுடியோக்காரர். சென்னையிலிருந்து டிஸ்க் வருகிறது, உன்னைத்தான் காணோம். சரி, அதை விடு.

பாடம் எடுத்த பழக்கம் லேசில் போகுமா? நம் மண்டைக்குள் எத்தனை டெராபைட் இருக்கும் என்று தேடிப் படித்தேன். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர் பால் ரீபர் 2010இல் போட்ட கணக்குப்படி சுமார் 2.5 பெட்டாபைட். நீ அனுப்பிய மாதிரி 1,250 டிஸ்க்! 1986இல் தாமஸ் லாண்டவர் என்ற உளவியல் ஆய்வாளர் வேறு வழியில் போனார். நரம்பணுவை எண்ணாமல், படித்ததிலும் பார்த்ததிலும் மனிதனிடம் எவ்வளவு தங்குகிறது என்று பார்த்தார். ஆயுள் முழுக்கச் சேர்த்தாலும் சுமார் 100 கோடி பிட்தான். எட்டு பிட் ஒரு பைட் என்று வகுத்துப் பார்த்தேன், 125 மெகாபைட். நீ ஒரு கல்யாணத்துக்குப் போனாலே போனில் அதைவிட அதிகம் எடுப்பாய். ஒருவர் சொல்வது பானையின் கொள்ளளவு, இன்னொருவர் சொல்வது அதில் நிற்கிற தண்ணீர். எனக்கு லாண்டவரைத்தான் பிடித்திருக்கிறது.

இத்தனைக்கும் மூளை ஓடுவது 20 வாட்டில். பகலில் பார்த்ததை அது கெட்டிப்படுத்துவதில் நிறைய வேலை தூக்கத்தில்தான் நடக்கிறது. ராத்திரி கண் விழிக்காதே, மக்களே.

அப்பா நன்றாக இருக்கிறார். அடுத்த வீட்டுப் பையன் கூரியர் அனுப்ப விலாசம் கேட்டு வந்தான். தக்கலை 629175, குளச்சல் 629251 என்று அவன் பேனாவைத் திறப்பதற்குள் சொல்லிவிட்டார். தபால் ஆபீசை விட்டு இத்தனை வருஷமாகியும்! பால்காரருக்குக் காலையில் கொடுத்த பணத்தைத்தான் மத்தியானம் மறுபடி எண்ணி ஜன்னலில் வைக்கிறார். நான் எடுத்து உள்ளே வைத்தால், பால்காரர் வந்துபோனாரா என்று கேட்கிறார். வயசானால் எல்லோருக்கும் வருவதுதான்.

ஹென்றி மொலைசன் என்று அமெரிக்காவில் ஒருவர். வலிப்பு நிற்கட்டும் என்று 1953இல் அவர் மூளையில் புது ஞாபகங்களைப் பதிக்க உதவும் ஹிப்போகாம்பஸ் பகுதியில் பெரும்பங்கை எடுத்துவிட்டார்கள். சின்ன வயது விஷயங்கள் இருந்தன. புதிதாக நடப்பது எதுவும் மனதில் நிற்கவில்லை, 2008இல் சாகும்வரை. பழையதும் புதியதும் மூளையில் ஒரே மாதிரி இருப்பதில்லை என்று அவரை வைத்துத்தான் பலரும் புரிந்துகொண்டார்கள். சும்மா படித்தேன், அவ்வளவுதான். நீ வேறு எதுவும் நினைத்துக்கொள்ளாதே.

டிஸ்க்கில் போட்டதைப் பத்து தடவை திறந்தாலும் அதே படம்தான் வரும். மூளை அப்படியில்லை. ஒன்றை நினைக்கும்போது அது இளகி, திரும்பப் பதியும்போது கொஞ்சம் மாறியும் போகுமாம். கிணற்றடி நிலத்துப் பேச்சு நடந்த ராத்திரியை அப்பா இப்போது எப்படிச் சொல்கிறார் தெரியுமா? நீ கோபித்துக்கொண்டு போகவில்லையாம், ரயிலுக்கு நேரமாகிவிட்டதாம். சாப்பிட்டுப் போகச் சொல்லி அவர் கூப்பிட்டாராம், நீ கேட்கவில்லையாம். யார் கூப்பிட்டார்கள், அந்த வீட்டில்? சித்தப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார், நான்தான் காப்பி கொடுத்து அடக்கினேன். அப்பா சொல்கிறபடியே இருக்கட்டும். உன் தலையில் பழையபடியே பத்திரமாக இருக்கிறதாக்கும்? அவ்வளவு கெட்டியான ஞாபகமுள்ள பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை போன் செய்யத்தான் மறக்கிறது.

உன் கம்பெனியில் பதவி உயர்வு என்று அத்தை சொல்லித் தெரிந்தது. தெருவில் எல்லோரிடமும் சொல்லியாயிற்று. வேலை வேலை என்று ராத்திரி விழிக்காதே. நான் சொல்வது உன் நன்மைக்குத்தான்.

பொங்கலுக்கு வா. கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் நிறைந்துவிடும், திறந்த அன்றே டிக்கெட் போடு. நாலு நாள் லீவு சொல்லிவிட்டு வா. நடுவில் ஒரு நாள் திருவனந்தபுரம் வரை போக வேண்டிய வேலை இருக்கிறது, அப்பாவும் வருவார், கார் நீதான் ஓட்ட வேண்டும். என்ன வேலை என்று போனில் கேட்காதே. ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவோம், அவர் பக்கத்திலேயே இருப்பார்.

அன்புடன்,
அம்மா